கேட்பவர் முகம்

'விதி' படம் வந்த 1984-இல் கோடம்பாக்கத்தில் எந்த டீக்கடையில் நின்றாலும் அதன் கோர்ட் சீன் காதில் விழும். பாட்டு அல்ல, வசனம். கேசட்டாகப் போட்டு விற்றார்கள். சலூனிலும் அதுவே ஓடியது. அதற்கு முன்னால் 'திருவிளையாடல்' இசைத்தட்டு இருந்தது. கல்யாண வீட்டுக் குழாய் ஸ்பீக்கரில் தருமி புலம்பாத முகூர்த்தம் அபூர்வம். வானொலியில் ஒலிச்சித்திரம் என்று ஒரு படத்தைச் சுருக்கி ஒலிபரப்புவார்கள். அடுப்படியில் குழம்பு இறங்குவதற்குள் கதாநாயகி விதவையாகி, வழக்கு முடிந்து, சுபம் போட்டுவிடும். பார்க்காமலே கேட்டு முடிக்கப்பட்ட படங்கள் நம் ஊரில் ஏராளம்.

இதைக் கேலி செய்ய எனக்கு யோக்கியதை இல்லை. 'வீரபாண்டிய கட்டபொம்மன்' எனக்கும் மனப்பாடம். ஆனால் என் பிழைப்பு அந்தக் கேசட்டில் ஏறாத சமாச்சாரத்தில் இருந்தது. அந்த வருடங்களில் வடபழனியில் ஒரு எடிட்டிங் ரூமில் அசிஸ்டென்டாக இருந்தேன். கேசட்டில் இரண்டு வசனத்துக்கு நடுவே ஒரு வெற்றிடம் வரும், கவனித்திருப்பீர்கள். வயலின் மட்டும் இழுக்கும். கேட்கிறவர்கள் அடுத்த வசனத்துக்காகப் பொறுத்திருப்பார்கள். திரையில் அந்த இடம் காலியாக இருக்காது. அங்கே ஒரு முகம் இருக்கும். பெரும்பாலும் அது பேசியவர் முகமல்ல, கேட்டவர் முகம். தமிழ் சினிமாவில் கேமரா நகரக் கற்றதையும் ஷாட்டுகளை வெட்டி ஒட்டக் கற்றதையும் சரித்திரமாக எழுதச் சொன்னால், பேசுகிறவரை விட்டுவிட்டுக் கேட்கிறவரிடம் போக நாம் எத்தனை காலம் எடுத்துக்கொண்டோம் என்றுதான் எழுதுவேன்.

ஆரம்பத்தில் கேட்கிறவரே கிடையாது. முதல் உலகப்போர் நாட்களில், மோட்டார் உதிரிபாக வியாபாரத்தில் இருந்த நடராஜ முதலியார் ஒரு வில்லியம்சன் கேமராவை வாங்கி, 'கீசக வதம்' எடுத்தார். கையால் சுற்றுகிற கேமரா அது. சுற்றுகிறவர் கை தளர்ந்தால் திரையில் கீசகன் வேகமாக ஓடுவான். சென்னை வெக்கையில் ஃபிலிம் கழுவ முடியாதென்று பெங்களூரில் லேப் வைத்தார். பேச்சு கிடையாது, நடுநடுவே எழுத்தில் கார்டு வரும். கொட்டகையில் படிக்கத் தெரிந்த ஒருவர் உரக்கப் படிப்பார். தென்னிந்தியாவின் மௌனப் படங்களில் இன்று நமக்குப் பார்க்கக் கிடைப்பது 1933-இன் 'மார்த்தாண்ட வர்மா' ஒன்றுதான். அதனால் அந்தக் காலத்து வெட்டு எப்படி இருந்தது என்று யாராவது விலாவாரியாகச் சொன்னால், கற்பனை என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒலி வந்தது, கேமராவுக்கு ஆணி அடித்தாற்போல் ஆயிற்று. 1931-இல் 'காளிதாஸ்' பம்பாயில் உருவானது. 1934-இல் ஏ. நாராயணன் சென்னையிலேயே ஸ்ரீனிவாசா சினிடோன் ஸ்டூடியோவைத் தொடங்கினார். அவர் மனைவி மீனாட்சிதான் அங்கே ஒலிப்பதிவு செய்தார். அதே வருடத்து 'பவளக்கொடி'யில் பாட்டு மட்டும் ஐம்பதை ஒட்டி இருந்தது. வெயிலை விளக்காக வைத்துப் படம் பிடித்தார்கள். பாடுகிறவர் நேரடியாக மைக்கில் பாட வேண்டும். நடுவில் காக்கை கரைந்தால் டேக் போயிற்று. காக்கை விரட்டவென்றே சம்பளத்துக்கு ஆள் இருந்திருக்கிறார். மைக் இருக்கும் இடத்தைவிட்டு நடிகர் அசைய முடியாது, நடிகர் அசையாதபோது கேமராவுக்கு என்ன வேலை? நாடகக் கொட்டகையில் முதல் வரிசை நாற்காலி எங்கே இருக்குமோ அங்கே நின்றுவிட்டது. ஒருவர் பாடும்போது சுற்றியிருப்பவர்கள் தங்கள் முறைக்காகக் காத்து நிற்பார்கள். பாட்டைக் கேட்பவர்கள் டிக்கெட் வாங்கியவர்கள் மட்டுமே.

இந்த நிலையை அசைத்தவர்களில் முக்கியமானவர் தமிழ் ஒரு வார்த்தை தெரியாத ஓர் அமெரிக்கர். ஓஹாயோவில் பிறந்து, தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் சினிமா படித்த எல்லிஸ் ஆர். டங்கன், உடன்படித்த மாணிக்லால் டாண்டனோடு 1935-இல் இந்தியா வந்தார். 'சதி லீலாவதி' (1936), 'அம்பிகாபதி' (1937), 'சகுந்தலை' (1940), 'மீரா' (1945), 'மந்திரி குமாரி' (1950) என்று பதினைந்து வருடம் இங்கே படம் எடுத்துவிட்டுத் திரும்பிப் போனார். மொழி தெரியாமல் எப்படிச் சமாளித்தார் என்று எல்லோரும் வியப்பார்கள். நான் வேறு மாதிரி நினைக்கிறேன். வசனத்தின் அடுக்குமொழியில் நாம் எல்லோரும் மயங்கிக் கிடந்தபோது, அது புரியாத ஒரே ஆள் அவர். புரியாததால் முகத்தைப் பார்த்தார். ஒரு காட்சி நன்றாக வந்ததா இல்லையா என்று தீர்மானிக்க அவருக்கு வேறு வழி கிடையாது.

'மீரா'வுக்காக எம்.எஸ். சுப்புலட்சுமியின் தலையைப் பிளாஸ்டரில் செய்துவைத்து, எந்தக் கோணத்தில் எந்த விளக்கு விழுந்தால் என்ன ஆகிறது என்று ஒத்திகை பார்த்திருக்கிறார்கள். ஜிதன் பானர்ஜி ஒளிப்பதிவு. அதில் ஒரு கண்ணன் பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே சிறுமி மீரா போய், வளர்ந்த மீராவாக எம்.எஸ். வந்து நிற்பார். பத்து வருடம் பாட்டின் ஓட்டத்திலேயே கடந்துவிடும். நாடகத்தில் இதற்குத் திரையை இறக்கி ஏற்ற வேண்டும். கட்டியக்காரன் வந்து இத்தனை வருடம் ஆயிற்று என்று சொல்ல வேண்டும். இங்கே ஒரு வெட்டு போதுமானதாக இருந்தது. பக்தி மாறவில்லை, உடம்புதான் வளர்ந்தது என்று யாரும் வாயால் சொல்லவில்லை. இன்றைக்கும் பையன் ஓடத் தொடங்கி ஹீரோவாக ஓடி முடிக்கும் ஒவ்வொரு படமும் அந்தக் கடனைத் திருப்பிக் கட்டாமல் இருக்கிறது.

அதற்குப் பிறகு நடந்ததை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. ஐம்பதுகளில் வசனகர்த்தாக்களின் காலம் என்கிறோம். சரிதான். ஆனால் அந்த வசனத்தைத் தாங்கிப் பிடித்த இயக்குநர்களில் பலர் எடிட்டிங் மேசையிலிருந்து எழுந்து வந்தவர்கள். கிருஷ்ணன்–பஞ்சு இரட்டையரில் கிருஷ்ணன் லேப்பில் வேலை பார்த்தவர், பஞ்சு எடிட்டர். 'பஞ்சாபி' என்ற பெயரில் டைட்டிலில் போட்டுக்கொள்வார். ஏ. பீம்சிங் அவர்களிடம் உதவியாளராக இருந்து வந்தவர். தன் படங்களைத் தானே வெட்டினார். தேவர் ஃபிலிம்ஸ் படங்களை எடுத்த எம்.ஏ. திருமுகம் எடிட்டர். எஸ்.பி. முத்துராமன் ஏவி.எம். எடிட்டிங் பிரிவில் தொழில் தொடங்கியவர். கதை எழுதத் தெரிந்தவர் டைரக்டர் ஆவது பிற்காலத்து வழக்கம். அப்போது மேசையில் உட்கார்ந்து அடுத்தவர் எடுத்த ஷாட்டுகளோடு மல்லுக்கட்டியவருக்குத்தான் எந்த ஷாட் இல்லாமல் காட்சி நிற்காது என்று தெரிந்திருந்தது.

'பராசக்தி'யை (1952) எடுத்துக்கொள்ளுங்கள். கலைஞர் வசனம், சிவாஜி குரல், கோர்ட் சீன்: எல்லோருக்கும் தெரிந்தது. அதற்குச் சற்று முன்னால் கல்யாணி கூண்டில் நின்று தன் கதையைச் சொல்லும் இடம் இருக்கிறது. நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் அவளுடைய அண்ணன். அது அவளுக்குத் தெரியாது. அவருக்கும் முதலில் தெரியாது. கேட்கக் கேட்கத்தான் விளங்குகிறது, கடைசியில் மயங்கிச் சாய்கிறார். வசனம் முழுக்கக் கூண்டில் நிற்பவளுடையது, கதையோ நாற்காலியில் நடக்கிறது. இசைத்தட்டில் இதைக் கேட்டவருக்கு ஒரு பெண்ணின் வாக்குமூலம் மட்டுமே கிடைத்திருக்கும். எப்போது பெண்ணைவிட்டு நீதிபதிக்குப் போவது, அவர் முகத்தில் எத்தனை அடி நிற்பது, மறுபடி எப்போது கூண்டுக்குத் திரும்புவது என்பதைப் பேனாவால் தீர்மானிக்க முடியாது. அது மேசையில் கத்தரிக்கோலோடு உட்கார்ந்திருந்தவரின் வேலை.

எத்தனை அடி என்று சொன்னேன். எங்கள் கணக்கு அப்படித்தான். 35 எம்.எம். ஃபிலிமில் ஓர் அடிக்கு 16 ஃப்ரேம். நொடிக்கு 24 ஃப்ரேம் ஓடும். அதாவது நொடிக்கு ஒன்றரை அடி, நிமிடத்துக்கு 90 அடி. ஆயிரம் அடி ரீல் பதினோரு நிமிடம். யாரும் நொடிக் கணக்கில் பேச மாட்டார்கள். "அந்த அம்மா குளோஸ்ல மூணு அடி எடு", "ஹீரோ திரும்புறதுல நாலு ஃப்ரேம் தட்டு" என்பார்கள். மூவியோலா என்கிற நிற்கும் மெஷின். தையல் மெஷின் மாதிரி காலால் பெடலை மிதித்தால் கடகடவென்று ஓடும், உள்ளங்கை அகலத் திரையில் படம் தெரியும். பிறகு ஸ்டீன்பெக் வந்தது, மேசையாகப் படுத்த மெஷின், சத்தம் குறைவு. கிளாப் அடிக்கும் ஃப்ரேமையும் 'டக்' என்ற சத்தத்தையும் சேர்த்து சிங்க் பண்ணுவது அசிஸ்டென்ட் வேலை. வெட்டிய துண்டுகளை நம்பர் எழுதிக் கம்பியில் தொங்கவிட்டு, கீழே துணிப்பையில் விழ விடுவோம். ஆறு ஃப்ரேம் துண்டுகூடத் தொலையக் கூடாது. எடிட்டர் மறுநாள் வந்து, "அந்தத் துண்டு எங்க தம்பி?" என்பார், அவருக்குக் கனவிலேயே வந்திருக்கும்.

நான் வேலை கற்றுக்கொண்ட எடிட்டர் அதிகம் பேசாதவர். வெற்றிலை வாய். எனக்கு அவர் சொல்லிக்கொடுத்தது மொத்தமும் ஒரு பக்கத்தில் அடங்கும். அதில் முதலாவது: "பேசுறவன் எங்கயும் போயிட மாட்டான், சவுண்டுல இருப்பான். கேக்குறவன் மூஞ்சிய வையி." இரண்டு பேர் பேசும் காட்சிக்கு மாஸ்டர் ஷாட் ஒன்று எடுப்பார்கள், பிறகு தோளுக்குப் பின்னாலிருந்து சஜஷன், பிறகு தனித்தனி குளோஸ். ஃபிலிம் விலை ஜாஸ்தி. ஊட்டி தொழிற்சாலையின் 'இந்து' கறுப்பு வெள்ளைக்குத்தான் உதவும்; கலர் நெகட்டிவ் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், கிழக்கு ஜெர்மனியின் ஆர்வோ கிடைத்தால் புண்ணியம். அதனால் கேட்பவருக்கென்று தனி குளோஸ் எடுக்க பல டைரக்டர்களுக்கு மனசு வராது. சாயங்காலம் வெளிச்சம் போகும் நேரத்தில் நடிகரை நிறுத்தி, "லெஃப்ட் லுக்... கண்ணை இறக்குங்க... இப்ப அதிர்ச்சி... போதும்" என்று மொத்தமாக ஒரு நூறு அடி வாங்கிவிடுவார்கள். எந்த வசனத்துக்கு எந்த அதிர்ச்சி என்று அந்த நடிகருக்கே தெரியாது.

அதுவும் இல்லாத காட்சிகள் வரும். அப்போது எங்கள் எடிட்டர் கிளாப் அடிப்பதற்கு முந்தைய ஃப்ரேம்களைத் தேடுவார். டைரக்டர் 'ஆக்‌ஷன்' சொல்லக் காத்து நிற்கும் நடிகரின் முகம்: நடிப்பு இல்லாத, கொஞ்சம் களைத்த, எதையோ யோசிக்கும் முகம். இரண்டடி இருந்தால் போதும். அதை அம்மா இறந்த செய்திக்குப் பக்கத்தில் வைத்தால் தியேட்டரில் விசும்பல் கேட்கும். அடையாறு இன்ஸ்டிடியூட்டில் படித்துவிட்டு வந்த பையன் ஒருவன் இதைப் பார்த்துவிட்டு, 1920-ஐ ஒட்டிய வருடங்களில் மாஸ்கோவில் குலெஷோவ் என்பவர் இதையே சோதனை செய்திருக்கிறார் என்றான். மோஸ்யூகின் என்ற நடிகரின் ஒரே முகத்தை ஒரு கிண்ணம் சூப்புக்குப் பக்கத்திலும் சவப்பெட்டிக்குப் பக்கத்திலும் ஒட்டிக் காட்டினாராம். பார்த்தவர்கள் பசி என்றார்களாம், துக்கம் என்றார்களாம். எங்கள் எடிட்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அவருக்கும் குளோஸ் பத்தல போல" என்றார்.

டிராலி விஷயத்தில் அவர் கடுமையானவர். தண்டவாளம் போட்டு கேமராவை நகர்த்தி எடுத்த ஷாட்டை நடு ஓட்டத்தில் வெட்டவிட மாட்டார். கேமரா கிளம்பினால் எங்கேயாவது போய்ச் சேர வேண்டும். சேர்ந்து நின்ற பிறகு அரை மூச்சு விட்டு வெட்டு. டைரக்டர் அவசரப்பட்டால், "எதுக்கு கிளம்புச்சுன்னு தெரியாத கேமராவ என்கிட்ட கொண்டாராதீங்க" என்பார். முன்னால் போகும் டிராலி வேறு, பின்னால் வரும் டிராலி வேறு. முகத்தை நோக்கிப் போனால் அந்த ஆள் மனசில் ஏதோ முடிவாகிறது என்று ஜனங்கள் எடுத்துக்கொள்வார்கள். பின்னால் வந்தால் அவர் தனியாக விடப்படுகிறார். இதை யாரும் நமக்குச் சட்டமாக எழுதித் தரவில்லை. படம் பார்த்துப் பார்த்து ஜனங்களும் நாங்களும் சேர்ந்து ஒப்புக்கொண்டது.

அந்த ஒப்பந்தம் எழுதப்பட்ட படங்கள் சிலவற்றைச் சொல்ல வேண்டும். 'பராசக்தி' வந்து இரண்டே வருடத்தில் அதே ஏவி.எம்., அதே சிவாஜி, அதே ஒளிப்பதிவாளர் மாருதி ராவ் கூட்டில் 'அந்த நாள்' (1954) வந்தது. இயக்கியவர் வீணை எஸ். பாலசந்தர். எடிட்டிங் எஸ். சூர்யா. பாட்டே கிடையாது. படம் தொடங்கியதுமே துப்பாக்கி வெடித்து சிவாஜி செத்துவிடுகிறார். பிறகு அடுத்த வீட்டுக்காரர், தம்பி, தம்பி மனைவி, காதலி, மனைவி என்று ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். இறந்தவனை ஒவ்வொருவர் கண்ணாலும் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். கேமரா எங்கே நிற்கிறதோ அந்த இடம் ஒருவருடைய சாட்சியம் என்று தமிழ் ரசிகனுக்கு முதன்முதலில் கண்டிப்பாகச் சொன்ன படம் அதுதான். ரசிகன் பாட்டு எங்கே என்று கேட்டான். பெரிதாக ஓடவில்லை. இன்று எடுத்துப் பாருங்கள், அந்த வருடத்து வெற்றிப்படங்கள் பலவற்றைவிட அதிகம் உட்கார வைக்கும்.

நகரும் கேமராவில் எனக்கு ஏ. வின்சென்ட் மேல் தனி மரியாதை. ஸ்ரீதரின் 'நெஞ்சில் ஓர் ஆலயம்' (1962) ஏறக்குறைய முழுவதும் ஒரே ஆஸ்பத்திரி செட்டுக்குள் நடக்கிறது. ஒரு மாதத்துக்குள் எடுத்து முடித்த படம். நோயாளிக் கணவன், அவன் மனைவி, அவளுடைய பழைய காதலனான டாக்டர். மூன்று பேருக்கும் சொல்ல முடியாத விஷயங்கள் இருக்கின்றன. அறையோ சிறியது. வின்சென்டின் கேமரா கட்டிலைச் சுற்றிப் போகிறது, கட்டிலுக்கு அடியிலும் புகுந்து வருகிறது. வேடிக்கை காட்ட அல்ல. அந்த அறையில் அவள் எங்கே திரும்பினாலும் கட்டில்தான் குறுக்கே நிற்கிறது என்பது நமக்கு உறைக்க வேண்டும். டிராலி கிடைத்த சந்தோஷத்தில் மரத்தையும் மண்டபத்தையும் சுற்றிக்கொண்டிருந்தவர்கள் மத்தியில் இவர் ஒருவர் கதையைச் சுற்றினார்.

எழுபதுகளில் ஜூம் லென்ஸ் கைக்கு வந்தது, கஷ்டகாலம். தண்டவாளம் போட வேண்டாம், பத்து பேர் தள்ள வேண்டாம், லென்ஸைத் திருகினால் முகம் முன்னால் வந்து விழும். தாலி மேல் ஜூம், கடிதம் மேல் ஜூம், சாமி கண் மேல் ஜூம். அதிர்ச்சி என்றால் ஒரே முகம் மூன்று கோணத்தில் மூன்று தடவை, டம் டம் டம் என்று இசையோடு. இதைக்கூட அர்த்தத்தோடு செய்தவர்கள் இருந்தார்கள். கே. பாலசந்தர் படங்களில் என்.ஆர். கிட்டு செய்த வெட்டுகளும் சட்டென்று உறையும் ஃப்ரேம்களும் வசனத்துக்குப் பதில் சொல்வது போலவே இருக்கும். மற்றவர்கள் செய்ததைப் பற்றி எழுத விருப்பமில்லை. அந்தப் பாவத்தில் எனக்கும் கொஞ்சம் பங்கு உண்டு, சம்பளம் வாங்கிக்கொண்டுதான் ஒட்டினோம்.

1977-இல் '16 வயதினிலே' ஸ்டூடியோவை விட்டு வெளியேறியது. நிவாஸ் ஒளிப்பதிவு. கிராமத்துத் தெருவில் செட் சுவரை நகர்த்த முடியாது. இருக்கிற இடத்துக்குத் தகுந்தாற்போலத்தான் கேமரா நிற்கும். வெளிப்புறத்தில் எடுத்த வசனம் எப்படியும் டப்பிங்கில்தான் மறுபடி பேசப்படும். பேச்சின் பிடி அங்கேதான் கொஞ்சம் தளர்ந்தது.

தளர்ந்த அந்தப் பிடியை முழுவதுமாக விடுவித்தவர், வேடிக்கை என்னவென்றால், வசனம் எழுதிப் பேர் வாங்கியவர். 'தங்கப்பதக்கம்' வசனத்துக்குக் கைதட்டல் வாங்கிய மகேந்திரனுக்கு அந்தக் கைதட்டலே பிடிக்காமல் போயிற்று. 'முள்ளும் மலரும்' (1978) பாலு மகேந்திராவின் கேமராவோடு செய்தார். அடுத்த வருடம் 'உதிரிப்பூக்கள்'. புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யை லேசாகத் தொட்டு எழுதிய கதை. ஒளிப்பதிவு அசோக்குமார். எடிட்டிங் பி. லெனின், பீம்சிங்கின் மகன். லெனினின் சகோதரர் பி. கண்ணன் பாரதிராஜாவின் ஒளிப்பதிவாளர். ஒரு வீட்டில் ஒருவர் கேமராவுக்கும் ஒருவர் மேசைக்கும் போனார்கள். இந்தத் தொழிலில் அது சாதாரணமாக நடக்கிற காரியம் இல்லை.

'உதிரிப்பூக்கள்' கடைசிக் காட்சியை நாங்கள் மெஷினில் போட்டுப் பார்த்திருக்கிறோம். வேறொரு படத்துக்காக வந்த பிரிண்ட். எங்கள் எடிட்டரே கேட்டு வாங்கி, ஸ்டீன்பெக்கில் மெதுவாக ஓட்டினார். ஊரைக் கொடுமைப்படுத்திய சுந்தரவடிவேலுவை ஊரே ஆற்றங்கரைக்குக் கொண்டுவந்து நிறுத்துகிறது. வேறு எந்தப் படமாக இருந்தாலும் அடி, உதை, சாபம், நீண்ட வசனம். இங்கே அவன் கொஞ்சம்தான் பேசுகிறான். கரையில் நிற்பவர்கள் கேட்கிறார்கள். அவர்கள் செய்யத் துணிந்தது என்ன என்று அந்த முகங்களுக்கு அப்போதுதான் உறைக்கிறது. லெனின் அங்கே அவசரப்படவில்லை. பிறகு அவன் தண்ணீருக்குள் இறங்கிப் போகிறான். அவன் மூழ்குவதை நெருங்கிப் போய்க் காட்டும் ஆசை படத்துக்கு இல்லை. அவன் குழந்தைகள் கரையோரமாக ஓடுகிறார்கள். ஓர் ஆளின் சாவு இரண்டு பிள்ளைகளின் ஓட்டமாக முடிகிறது. எங்கள் எடிட்டர் மெஷினை நிறுத்திவிட்டு ரீலைத் திருப்பிச் சுற்றச் சொன்னார். அவருடைய பாராட்டு அவ்வளவுதான். அந்தப் படத்தை எந்தக் கம்பெனியும் வசனக் கேசட்டாகப் போட்டு லாபம் பார்த்திருக்க முடியாது.

லெனின் பிறகு வி.டி. விஜயனோடு சேர்ந்து 'நாயகன்' முதல் எத்தனையோ படங்கள் வெட்டினார். 'காதல'னுக்கு இருவருக்கும் தேசிய விருது. ஜெயகாந்தன் கதையை வைத்து அவர் இயக்கிய 'ஊருக்கு நூறு பேர்' 2001-க்கான சிறந்த இயக்குநர் விருதை வாங்கியது. மேசையிலிருந்து இயக்கத்துக்குப் போன அந்தப் பழைய வரிசையில் அவரும் வருகிறார்.

எடிட்டர் வெட்டியதோடு படம் முடிந்துவிடாது. சென்சார் வெட்டும். நெகட்டிவ் கட்டிங்கில் ஓரத்து நம்பர் பார்த்து ஒட்டும்போது ஒட்டுக்கு ஒரு ஃப்ரேம் போகும். அங்கே கத்தி வைத்தால் வைத்ததுதான், திரும்ப வராது. பிரிண்ட் ஊர் ஊராகப் போய்க் கடைசியில் டூரிங் கொட்டகைக்கு வந்து சேரும்போது, அங்கே ஓர் ஆபரேட்டர் இருப்பார். தமிழ் சினிமாவின் கடைசி எடிட்டர் அவர்தான். பிரிண்ட் அறுந்தால் பிளேடால் சுரண்டி, சிமெண்ட் தடவி ஒட்டுவார். அறுந்த இடத்தில் பத்தடி போயிருக்கும். இரண்டாம் ஆட்டம் முடிந்து ஜனங்கள் கடைசி பஸ் பிடிக்க வேண்டுமென்றால் ஒரு சோகப் பாட்டைத் தூக்கிவிடுவார். சண்டையில் கை வைக்க மாட்டார், வசனத்தில் வைக்கவே மாட்டார். வைத்தால் பெஞ்சு பறக்கும். யாரும் பேசாமல் யாரோ யாரையோ பார்த்துக்கொண்டிருக்கும் இடம்தான் அவருக்கு வசதி. எங்கள் எடிட்டர் மூன்று நாள் யோசித்து வைத்த மூன்றடி முகம் எந்த ஊர்க் கொட்டகைத் தரையில் கிடந்ததோ.

1994-இல் 'மகாநதி' அவிட் கம்ப்யூட்டரில் வெட்டப்பட்டு வந்தது. அந்தப் பெயரை முதலில் கேட்டபோது எங்கள் ரூமில் சிரித்தோம். பத்து வருடத்துக்குள் மூவியோலாக்கள் பழைய இரும்புக்குப் போயின. 2013, 14 வாக்கில் ஃபிலிம் லேப்களும் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. இழந்ததை எண்ணிப் புலம்ப மாட்டேன். ஃபிலிம் சிமெண்ட் வாசனையில் தலைவலி வாங்கியவனுக்குக் கம்ப்யூட்டர் வரப்பிரசாதம். லேப்புக்கு எழுதிக் கொடுத்து நாள் கணக்கில் காத்திருந்து வாங்கிய டிசால்வ் இன்று ஒரு விரல் தட்டில் வருகிறது. கெட்டது வேறு இடத்தில். ஃபிலிம் செலவு இல்லை என்றானதும் மூன்று கேமரா வைத்து எல்லாவற்றையும் எடுக்கிறார்கள். கேமரா கிம்பலில் ஓயாமல் மிதக்கிறது. ஓயாமல் நகர்வது எதையும் சொல்வதில்லை. வெட்டு பேசுகிற வாய்க்கும் பேசுகிற வாய்க்கும் நடுவே தாவுகிறது. கேட்பவருக்குக் கேட்க நேரம் இல்லை. எல்லோரும் அப்படி என்று சொல்ல மாட்டேன். ஸ்ரீகர் பிரசாத் வெட்டிய படங்களில் ஒரு முகம் இன்னும் மூச்சு விடுகிறது.

இப்போது பழைய படங்களைத் துலக்கி மறுபடி வெளியிடுகிறார்கள். 2010-இல் தெலுங்கு 'மாயாபஜா'ருக்கு வண்ணம் பூசினார்கள். 2012-இல் டிஜிட்டலில் வந்த 'கர்ணன்' தியேட்டர்களில் நன்றாக ஓடியது. நல்ல காரியம். டிவிக்காகவும் மொபைலுக்காகவும் இதே படங்களை நீளம் குறைத்துப் போடுகிறவர்களையும் பார்க்கிறேன். டூரிங் ஆபரேட்டர் கை வைத்த அதே இடங்களில்தான் இவர்களும் கை வைக்கிறார்கள். அவருக்காவது கடைசி பஸ் என்ற காரணம் இருந்தது. இந்த வேலையில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள்: கீறலை எடுங்கள், இரைச்சலைக் குறையுங்கள், வண்ணம் வேண்டுமென்றால் அதையும் பூசிக்கொள்ளுங்கள், வசனம் இல்லையே என்று நினைத்து ஓர் அடியைக்கூட வெட்டாதீர்கள்.